மலை வீட்டுக்குப் பழைய பாணித் தரை: ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு தடவை படித்துவிடுங்கள்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, கொடைக்கானல் பக்கம் பழைய வீடு ஒன்றை வாங்கி, அதில் ஆத்தங்குடி டைல் (கையால் செய்யும் சிமென்ட் டைல்), சிவப்பு ஆக்சைடு (சிவப்புப் பொடி கலந்த சிமென்ட் தரை), பலகைத் தரை என்று ஏதாவது போட நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குன்னூரில் எங்கள் வீட்டில் இந்த மூன்றையும் போட்டு முடித்த சூடு இன்னும் ஆறவில்லை. சமவெளியில் இந்த வேலைக்கு யோசனை சொல்ல ஆள் நிறைய. ஆனால் அவர்கள் சொல்வதில் பாதி மலை ஏறியதும் செல்லுபடியாகாது. இங்கே டிசைனைவிட ஈரமும் மாதமும்தான் முக்கியம். அந்த இரண்டையும் சரியாகப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் பணமும் பொறுமையும்தான்.

1. இருக்கிற தரையைத் தெரிந்துகொள்ளுங்கள்

பழைய வீடுகளில் தரைக்கு மேல் தரை போட்டிருப்பார்கள். மேலே பி.வி.சி. விரிப்பு, அதற்குக் கீழே மொசைக், அதற்கும் கீழே சிவப்பு ஆக்சைடு என்று அடுக்கடுக்காக வரும். அறையின் மூலையில், கதவுக்குப் பின்னால், ஒரு அடிக்கு ஒரு அடி மட்டும் பெயர்த்துப் பாருங்கள். கீழே நல்ல தரை இருந்தால் உங்கள் செலவு பாதியாகிவிடும்.

சில பங்களாக்களின் வராந்தாவிலும் நுழைவிடத்திலும் இங்கிலாந்திலிருந்து வந்த சிறு சிறு சுட்ட களிமண் டைல்கள் இருக்கும். எண்கோணம், சதுரம், முக்கோணம் என்று கருப்பு, காவி, மஞ்சள் நிறங்களில் சேர்த்துப் பதித்திருப்பார்கள். அப்படி ஏதாவது கிடைத்தால் தயவுசெய்து உடைக்காதீர்கள். ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் பிடிப்பு நன்றாக இருக்கிறது. பொக்கென்று கேட்டால் அதை மட்டும் எடுத்து, பின்பக்கச் சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு மறுபடி பதிக்கலாம். கழுவ மிதமான சோப்புத் தண்ணீரும் நார் பிரஷ்ஷும் போதும். ஆசிட் ஊற்றிப் பளபளவென்று ஆக்கித் தருகிறேன் என்று வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். டைல்களுக்கு நடுவில் இருக்கும் சுண்ணாம்பையும் சிமென்ட்டையும் அது அரித்துவிடும்.

சிவப்பு ஆக்சைடு தரையும் அப்படித்தான். நிறம் மங்கியிருந்தாலும் விரிசல் குறைவாக இருந்தால் தேய்த்து மெழுகு போட்டாலே போதும். பத்து இடத்தில் ஒட்டுப்போட்டதாக இருந்தால் மட்டும் புதிதாகப் போடுவதைப் பற்றி யோசியுங்கள்.

நடக்கும்போது லேசாக அதிர்ந்தால் உங்கள் தரை மரச் சட்டத்தின் மேல் நிற்கிறது என்று அர்த்தம். அது தனி விஷயம், மூன்றாவது படியில் வருகிறேன்.

2. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பிடியுங்கள்

இந்தப் படிக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட வேண்டாம்.

ஒன்றரை அடிச் சதுரமாகக் கனமான பாலித்தீன் தாளை வெட்டி, தரையில் விரித்து, நான்கு பக்கமும் டேப் போட்டுக் காற்றுப் புகாமல் ஒட்டிவிடுங்கள். சமவெளியில் ஒரு இரவு போதும். இங்கே இரண்டு நாள் விடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது தாளின் அடிப்பக்கம் வியர்த்திருந்தாலோ, தரை கருத்திருந்தாலோ, கீழிருந்து ஈரம் ஏறுகிறது. அறைக்கு ஒரு இடம் போதாது. மலைச்சரிவை ஒட்டிய சுவர் ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, வெளிவாசல் பக்கம் ஒன்று என்று வையுங்கள். இந்தச் சோதனையை மழை முடிந்த கையோடு செய்வது நல்லது. மார்ச் மாதத்தில் எந்தத் தரையும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும்.

இங்கே பெரும்பாலான வீடுகள் சரிவை வெட்டிச் சமன் செய்து கட்டியவை. பின்சுவருக்கு வெளியே மண் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். உள்தரை மட்டத்தைவிட வெளிமண் அரை அடியாவது தாழ்வாக இருக்க வேண்டும். பல வீடுகளில் வருஷா வருஷம் மண் சரிந்து சேர்ந்து, உள்தரைக்கு மேலேயே ஒன்றிரண்டு அடி ஏறியிருக்கும். அந்த மண்ணை அகற்றி, சுவரை ஒட்டிச் சரிவாக ஒரு வாய்க்கால் எடுத்து ஜல்லி நிரப்பினாலே உள்ளே இருக்கும் ஈரத்தில் பெரும்பகுதி போய்விடும். இந்த வேலைக்கு ஆகும் கூலியை டைல் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பொக்லைன் கூப்பிடாதீர்கள். நீலகிரியில் பொக்லைன் வைத்து மண் எடுக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் ஓட்டினால் வண்டியைப் பிடித்துவிடுவார்கள். சிறு வாய்க்காலுக்கு மண்வெட்டியும் ஆட்களும் போதும்.

உள்ளே புதிதாகக் கான்கிரீட் அடித்தளம் போடுவதாக இருந்தால் மேஸ்திரி 250 மைக்ரான் பாலித்தீன் விரிக்கச் சொல்வார். சிமென்ட் சுவர் உள்ள வீட்டுக்கு அது சரி. கல்லும் மண்ணும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய சுவராக இருந்தால் இரண்டு தடவை யோசியுங்கள். தரை வழியாக மேலே வந்து காய்ந்துகொண்டிருந்த ஈரம், வழி அடைபட்டதும் சுவருக்குள் ஏறும். அடுத்த மழைக்குச் சுவரின் கீழ்ப்பகுதியில் சுண்ணாம்பு உதிரும். அப்படிப்பட்ட வீட்டில் முதலில் வெளி வாய்க்காலை முடித்து, ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு, அப்புறம் தரையைத் தொடுவதுதான் புத்திசாலித்தனம். ஒரு வருஷம் தள்ளிப்போகிறதே என்று இருக்கும். இருக்கட்டும்.

3. எந்த அறைக்கு எது

கண்காட்சி போல ஒரே தரையை வீடு முழுக்கப் போட வேண்டியதில்லை. பழைய வீடுகளிலும் அப்படிப் போட்டதில்லை.

ஆத்தங்குடி டைல்: சிவகங்கை மாவட்டம் காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆத்தங்குடியில் கையால் செய்வது. கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, அச்சுக்குள் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமென்ட்டும் மணலும் போட்டு அழுத்தி எடுப்பார்கள். சூளை கிடையாது. தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, கண்ணாடியைக் கழற்றினால் அந்த வழவழப்பு வரும். சுடாத சிமென்ட் டைல் என்பதால் ஈரத்தை உறிஞ்சும், கறை பிடிக்கும், புளியும் எலுமிச்சையும் பட்டால் மங்கும். ஹால், வராந்தா, நடை, பூஜை அறைக்கு அருமை. சமையல்மேடைக்குக் கீழேயும் குளியலறையிலும் வேண்டாம். வெயிலும் மழையும் நேரடியாக அடிக்கும் திறந்த முற்றத்திலும் வேண்டாம்.

சிவப்பு ஆக்சைடு: பொருள் செலவு குறைவு, கை வேலை அதிகம். அடிக்கலவை ஈரமாக இருக்கும்போதே ஆக்சைடு கலந்த சிமென்ட்டை மேலே இழுத்துக் கரண்டியால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் டீக்குப் போனால் அந்த இடம் தெரியும். பெரிய அறையை நான்கடிக் கட்டங்களாகப் பித்தளைப் பட்டையோ கண்ணாடிப் பட்டையோ வைத்துப் பிரித்தால் விரிசல் பட்டையோடு நின்றுவிடும். இதை நன்றாகச் செய்கிற ஆட்கள் இப்போது குறைவு. கொத்தனார் போட்டுக் குறைந்தது இரண்டு வருஷமாவது ஆன ஒரு தரையை நேரில் போய்ப் பார்க்காமல் வேலையைக் கொடுக்காதீர்கள்.

பலகைத் தரை: படுக்கையறைக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஜனவரி காலையில் வெறுங்காலைக் கட்டிலிலிருந்து இறக்கிப் பாருங்கள், காரணம் புரியும். பழைய வீட்டில் ஏற்கெனவே பலகை இருந்தால் அதைக் காப்பாற்றுவதே மேல். சுவரின் அடிப்பகுதியில், வெளிப்பக்கம், சின்னச் சின்னக் காற்றுத் துளைகள் இருக்கும். எலி வருகிறது, பாம்பு வருகிறது என்று முன்னால் இருந்தவர்கள் சிமென்ட் வைத்து அடைத்திருப்பார்கள். அதனால்தான் பலகை உளுத்திருக்கும். துளைகளைத் திறந்து கம்பி வலை அடியுங்கள். இரண்டு பலகையைக் கழற்றி, கீழே டார்ச் அடித்து, சட்டங்களின் நுனி சுவருக்குள் போகும் இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். வெண்ணெய் போல உள்ளே இறங்கினால் ஆசாரியைக் கூப்பிட வேண்டியதுதான்.

புதுப் பலகை வாங்கினால், பதிக்கும் அறையிலேயே இரண்டு மூன்று வாரம் காற்றோட்டமாக அடுக்கி வையுங்கள். கோயம்புத்தூர் வெயிலில் காய்ந்த மரம் இங்கே வந்ததும் ஈரத்தை இழுத்து உப்பும். சுவர் ஓரத்தில் அரை அங்குல இடைவெளி விட்டு, அதை ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஓடும் பட்டை) வைத்து மறைக்கலாம். இடைவெளி விடாவிட்டால் மழைக்காலத்தில் நடுவில் தூக்கும். மரம் போலத் தெரியும் லேமினேட் பலகையைப் பற்றி ஒரே வரி: ஈரம் உள்ள அறையில் அதன் விளிம்புகள் உப்பிவிடும், வேண்டாம்.

பெரிய எச்சரிக்கை ஒன்று. மரச் சட்டத்தின் மேல் நிற்கும் தரையில் சிமென்ட் டைல் போடவே கூடாது. எடைக் கணக்கைக் கீழே தருகிறேன், பார்த்தாலே தெரியும். கணப்பு இருக்கும் அறையில் மட்டும், கணப்புக்கு முன்னால் பலகையை நிறுத்திவிட்டு, அடியில் கல் திண்டு இருக்கிற அளவுக்குள் டைல் போட்டுக்கொள்ளலாம். பொறி பறக்கும் இடத்தில் மரம் ஆகாது.

அச்சிட்ட டைல்: பழைய டிசைனை அச்சடித்த செராமிக், விட்ரிஃபைடு டைல்கள் குஜராத்தின் மோர்பியிலிருந்து எல்லா ஊருக்கும் வருகின்றன. சமையலறைக்கும் குளியலறைக்கும் இதுதான் சரி. பெட்டியில் இந்தியத் தரக்குறியீடான ஐ.எஸ். 15622 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். குளியலறைக்கு வழுக்காத தரம், அதாவது ஆர்-11, கேளுங்கள். பளபளப்பானதைத் தொடவே வேண்டாம். எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்களுக்குச் சமவெளிக் கடை ஒன்று இரண்டு பேட்சைக் கலந்து ஏற்றி அனுப்பியது. மலை ஏறி வந்த சரக்கைத் திருப்பி அனுப்பும் வாடகையை யார் தருவது என்ற சண்டையிலேயே வேலை நின்றது. பெட்டிகளைக் கடை வாசலிலேயே எண்ணிப் பார்த்துப் படம் எடுத்துவிட்டு ஏற்றச் சொல்லுங்கள்.

4. காகிதங்கள்

வெறும் தரை மாற்றத்துக்குப் பொதுவாகத் தனி வரைபட அனுமதி கேட்பதில்லை. கூடவே சுவரை இடிப்பது, அறையை நீட்டுவது, கூரையை உயர்த்துவது என்று போனால் கதை வேறு. மலைப்பகுதிகளில் கட்டட அனுமதிக்கான விதிகள் கடுமையானவை. ஆகவே நகராட்சியிலோ பேரூராட்சியிலோ ஊராட்சியிலோ, ‘உள்தரை மட்டும் மாற்றுகிறோம், கட்டுமானத்தில் மாற்றம் இல்லை’ என்று ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மண்ணும் ஜல்லியும் வாசலில் இறங்கினால் யாராவது புகார் கொடுப்பார்கள். அப்போது இந்தத் தாள் உதவும்.

கையில் ஒரு கோப்பு வையுங்கள்: சொத்து வரி ரசீது, பட்டா நகல், வேலைக்கு முன் எடுத்த படங்கள், அந்தக் கடிதத்தின் நகல். குத்தகை வீடு என்றால் உரிமையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதலும், குத்தகை முடியும்போது தரைக்கு ஏதாவது கழித்துக்கொள்வாரா என்ற ஒரு வரியும் வேண்டும்.

சரக்குக்கு: தமிழ்நாட்டுக்குள்ளேயே வரும் சரக்கின் மதிப்பு ஒரு லட்சத்தைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கோடு வர வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டு) வேண்டும். குஜராத் போன்ற வெளிமாநிலத்திலிருந்து வந்தால் 50,000 ரூபாயைத் தாண்டினாலே வேண்டும். அதை எடுப்பது கடைக்காரர் வேலைதான் என்றாலும், வண்டி புறப்படும் முன் நகலை உங்கள் கைபேசிக்கு அனுப்பச் சொல்லுங்கள். வெளியூர் வண்டிகள் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் முறை 2024 மே 7 முதல் இருக்கிறது. விதிகள் சீசனுக்குச் சீசன் மாறும். சரக்கு வண்டிக்கு வேண்டுமா என்று அந்த வாரமே கேட்டு, வேண்டுமென்றால் டிரைவரை முன்கூட்டியே எடுக்கச் சொல்லுங்கள்.

மரத்துக்கு இன்னும் கவனம் வேண்டும். இடித்த பங்களாவின் தேக்கு, ஈட்டிப் பலகைகள் மலிவாகக் கிடைக்கும். விற்றவரின் பில், எந்த வீட்டிலிருந்து எடுத்தது என்ற விவரம், படங்கள் இல்லாமல் வண்டியில் ஏற்றாதீர்கள். மரத்தை இடம் மாற்றத் தடச் சீட்டு தேவையா என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பர்லியாறு, குஞ்சப்பனை சோதனைச் சாவடிகளில் நின்றுகொண்டு விளக்கம் சொல்வது சுகமான வேலை இல்லை. தோட்டத்துச் சில்வர் ஓக்கை வெட்டி அறுத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால், வெட்டுவதற்கான அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

5. எந்த மாதத்தில் என்ன

ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கும் மழை. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கனமழை. கொடைக்கானலுக்கும் அக்டோபர், நவம்பரில்தான் அதிகம். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் ஊட்டியில் உறைபனி. ஐந்து டிகிரிக்குக் கீழே போனால் சிமென்ட் இறுகுவது ஏறக்குறைய நின்றுவிடும். ஏப்ரல், மே சீசன். மேட்டுப்பாளையம் சாலைகள் ஒருவழிப் பாதையாகிவிடும், கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு வரும், வேலையாட்களுக்குத் தங்க அறை கிடைக்காது.

ஆக, நல்ல காலம் பிப்ரவரி தொடக்கத்திலிருந்து ஏப்ரல் முதல் பாதி வரை. சரக்கு மார்ச் நடுவுக்குள் மேலே வந்துவிட வேண்டும். அதற்கு டிசம்பரிலேயே ஆத்தங்குடியில் ஆர்டர் கொடுங்கள். கை வேலை என்பதால் உங்கள் நிறத்தில், உங்கள் டிசைனில் செய்ய அவர்களுக்கு வாரக்கணக்கில் ஆகும். பொங்கல் வாரத்தில் பட்டறை ஓடாது. தவிரவும், புதிதாக எடுத்த பச்சை டைலை உடனே ஏற்றினால் விளிம்பு உதிரும். எடுத்துச் சில வாரமாவது ஆன டைலைக் கேட்டு வாங்குங்கள்.

அடித்தளக் கான்கிரீட் போட்டால் அது காய்வதற்கு ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு நாள் என்பது பொதுக்கணக்கு. மூன்று அங்குலம் போட்டால் இரண்டரை மாதம். மலையில் அதற்கும் மேலேதான் ஆகும். கலவை வைத்துப் பதிக்கும் டைலுக்கு இவ்வளவு காத்திருக்க வேண்டாம், கான்கிரீட் நான்கு வாரம் இறுகினால் போதும். மேலே பலகை வரப்போகிறது என்றால் முழுதாகக் காயவிடுங்கள். பாலித்தீன் சோதனையை இன்னொரு தடவை செய்துவிட்டுப் பலகையை இறக்குங்கள்.

6. அளவு, எடை, பணம்

பழைய வீட்டில் எந்த அறையும் சரியான சதுரம் இல்லை. ஒவ்வொரு சுவரையும் மூன்று இடத்தில் அளங்கள். குறுக்கே இரண்டு மூலைவிட்டமும் அளங்கள்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 12-க்கு 15 அடி அறை, 10 அங்குல ஆத்தங்குடி டைல். பரப்பளவை வைத்துக் கணக்குப் போட்டால் 260 டைல் வரும். கடைக்காரர் அதைத்தான் சொல்வார். 15 அடி என்பது 180 அங்குலம், சரியாக 18 டைல். 12 அடி என்பது 144 அங்குலம், 14 டைல் போக 4 அங்குலம் மிச்சம். அந்த 4 அங்குலத்தை இரண்டு பக்கமும் பிரித்தால் இரண்டிரண்டு அங்குலக் கீற்று வரும். கையால் செய்த சிமென்ட் டைலை அவ்வளவு மெல்லிசாக வெட்டினால் உடையும், பார்க்கவும் அசிங்கம். அதனால் நடுவில் 13 முழு டைல் வைத்து, இரு ஓரத்திலும் 7 அங்குலத் துண்டு வையுங்கள். இப்போது வரிசைக்கு 15 டைல், மொத்தம் 270. உடைசலுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 297. முன்னூறாக ஆர்டர் கொடுங்கள். ஓரத்தில் பார்டர் டிசைன் வைப்பதாக இருந்தால் பார்டர், மூலை, நடு என்று மூன்றையும் தனித்தனியாக எண்ணுங்கள். மூலை டைல் நான்கே நான்கு தேவை, ஆனால் எட்டு வாங்குங்கள். அது ஒன்று உடைந்தால் மொத்த அறையும் காத்திருக்கும்.

எடை: முக்கால் அங்குலத் தடிமனுள்ள 10 அங்குல டைல் ஒன்று ஏறத்தாழ 2.8 கிலோ. முன்னூறு டைல் 850 கிலோ பக்கம். கீழே ஒன்றரை அங்குலக் கலவை போட்டால் அது தனியாக ஒரு டன்னுக்கு மேல். ஒரே அறையில் இரண்டு டன். மரச் சட்டத் தரையில் போடாதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

பணக் கணக்கில் டைல் விலை ஒரு பகுதிதான். டிசைன், எத்தனை நிறம் என்பதைப் பொறுத்து ஆத்தங்குடியிலேயே சதுர அடி விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரை வேறுபடும். அதற்கு மேல் லாரி வாடகை, ஏற்று கூலி, இறக்கு கூலி, வீடு வரை போக முடியாத இடத்தில் பிக்கப்புக்கு மாற்றும் கூலி, எம்-சாண்ட், சிமென்ட், பதிக்கும் கூலி, ஆட்கள் தங்கும் செலவு. எல்லாம் சேர்ந்து தரையில் பதிந்து முடியும்போது பட்டறை விலையைப் போல இரண்டரை மடங்காவது ஆகும் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். எம்-சாண்டும் ஜல்லியும் இங்கே சமவெளி விலைக்குக் கிடைக்காது, லோடு கணக்கில் முன்பே பேசுங்கள். சிமென்ட்டுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. பழைய கொட்டேஷனைத் தூசி தட்டிக் கொடுத்தால் அதைக் கவனியுங்கள்.

கொட்டேஷனில் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே வரியில் எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பழைய தரை உடைப்பது, கழிவு அகற்றுவது, மட்டம் போடுவது, பதிப்பது, ஸ்கர்ட்டிங், வாசல்படி விளிம்பு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஸ்கர்ட்டிங்கை அடிக் கணக்கில் தனியாக வசூலிப்பார்கள். அது பலருக்கும் கடைசி நாளில்தான் தெரியவரும். கழிவைச் சரிவில் தள்ளிவிடுவதாகச் சொன்னால் உடனே தடுங்கள். கீழே ஓடை இருக்கும், அபராதம் உங்கள் பேரில் வரும்.

7. மேலே கொண்டுவருவது

டைலைப் படுக்கவைத்து அடுக்கக் கூடாது. முகத்தோடு முகம் பார்த்து, செங்குத்தாக, நடுவில் வைக்கோல் வைத்து நெருக்கமாக அடுக்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும் பதினான்கு கொண்டை ஊசி வளைவு. தளர்வாக அடுக்கிய சரக்கு ஒவ்வொரு வளைவிலும் நகரும். தார்ப்பாய் கட்டாயம். வைக்கோல் நனைந்தால் அதன் சாயம் டைலில் இறங்கி மஞ்சள் கோடாக நின்றுவிடும். அப்புறம் எதைப் போட்டுத் தேய்த்தாலும் முழுதாகப் போகாது.

உங்கள் வீட்டுப் பாதையின் அகலத்தை அளந்து டிரைவருக்கு முன்பே சொல்லுங்கள். கடைசி அரைக் கிலோமீட்டரில் தான் செலவு எகிறும். இறக்கியதும் மரக்கட்டை மேல், கூரைக்குக் கீழே, செங்குத்தாகவே வையுங்கள். வெறும் மண் தரையில் வைத்தால் ஓரிரு வாரத்தில் கீழ் விளிம்பில் உப்புப் பூக்கும்.

8. ஆட்கள்

விட்ரிஃபைடு டைல் ஒட்ட உள்ளூரில் நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். ஆத்தங்குடிக்கு மட்டும் செட்டிநாட்டிலிருந்து அந்த வேலை பழகியவர்களைக் கூட்டிவருவதே மேல். பட்டறையில் கேட்டால் அவர்களே ஆள் சொல்வார்கள். போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு யார் பொறுப்பு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். கம்பளியும் வெந்நீரும் ஏற்பாடு செய்யுங்கள். காரைக்குடி வெயிலில் பழகியவர்களுக்குக் காலை எட்டு மணிக் குளிரில் கலவையில் கை வைப்பது தண்டனை. எங்களிடம் வந்த மேஸ்திரி முதல் நாளே சொல்லிவிட்டார்: “அண்ணே, பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சாத்தான் கையும் ஓடும், கலவையும் பிடிக்கும்.” அவர் சொன்னது சரிதான். ஒரு நாள் வேலை சமவெளியை விடக் குறைவாகத்தான் நடக்கும். நாள்கூலியா, சதுர அடிக் கூலியா என்று பேசும்போது இதை மனதில் வையுங்கள். நான் சதுர அடியைத்தான் சிபாரிசு செய்வேன்.

9. பதிக்கும் நாட்களில் கூடவே இருங்கள்

முதலில் கலவை இல்லாமல் ஒரு வரிசை நீளத்திலும் ஒரு வரிசை அகலத்திலும் வெறுமனே அடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வாசலில் நின்று பாருங்கள். கண்ணுக்கு நேரே முழு டைல் வருகிறதா, துண்டு எந்தப் பக்கம் போகிறது என்பதை அப்போதே முடிவு செய்யுங்கள். கை வேலை என்பதால் நிறம் டைலுக்கு டைல் கொஞ்சம் மாறும். நாலைந்து அடுக்கிலிருந்து கலந்து எடுத்தால் அது அழகாகவே தெரியும். ஒரே அடுக்கிலிருந்து எடுத்துப் போட்டால் தரையில் திட்டுத் திட்டாக நிற்கும்.

நூல் கட்டி, ரசமட்டம் வைத்து, கலவை மேல் பதித்து, கட்டையால் மெதுவாகத் தட்டுவார்கள். இணைப்பு மிகக் குறுகலாக இருக்க வேண்டும். ஒயிட் சிமென்ட்டில் தேவையான நிறம் கலந்து இணைப்பை அடைப்பார்கள். கவனம் முழுக்க இங்கேதான் வேண்டும்: மேலே வழியும் சிமென்ட் பாலை அங்கேயே, அப்போதே, ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் ஆசிட் இல்லாமல் போகாது, ஆசிட் பட்டால் டைல் போய்விடும். இந்த ஒரு வேலைக்கே, வாளியும் துணியுமாக, ஒரு ஆளைத் தனியாகப் போடுங்கள். அந்தக் கூலி வீண் போகாது.

பதித்த தரையில் சமவெளியில் மூன்றாம் நாள் நடப்பார்கள். இங்கே ஒரு வாரம் யாரையும் விடாதீர்கள். பெயின்ட் அடிப்பவர், எலக்ட்ரீஷியன் எல்லாரும் தரைக்கு முன்பே வேலையை முடித்துப் போயிருக்க வேண்டும். மேலே பாலித்தீன் போட்டு மூடாதீர்கள், ஈரம் அடியில் நின்று வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். பழைய பருத்தித் துணியோ அட்டையோ போதும்.

10. எண்ணெய் எப்போது, எப்படி

ஆத்தங்குடித் தரைக்குத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைப்பது வழக்கம். அவசரப்பட்டு முதல் வாரமே தடவாதீர்கள். அடியில் இருக்கும் ஈரம் வெளியேறும் வரை வெறும் தண்ணீரில் துடைத்து விடுங்கள். வெள்ளையாக உப்புப் பூத்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள். மறுபடி பூக்கும், மறுபடி துடையுங்கள். பூப்பது நின்ற பிறகு எண்ணெய். கறை பிடிக்காமல் இருக்கச் சீலர் பூச்சு அடிக்கச் சொல்பவர்களுக்கும் இதே பதில்தான்.

இங்கே தேங்காய் எண்ணெய் வருஷத்தில் பாதி நாள் பாட்டிலுக்குள் உறைந்துதான் கிடக்கும். அதை அப்படியே வழித்துத் தேய்த்தால் தரையில் பிசுபிசுப்பாகப் படிந்து தூசியைப் பிடிக்கும். பாத்திரத்தில் வெதுவெதுப்பாக உருக்கி, துணியில் சில சொட்டு மட்டும் விட்டு, வெயில் உள்ளே வரும் நேரத்தில் தடவி, கால் மணி நேரத்தில் வேறு உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். மாதம் ஒரு தடவை போதும். அன்றாடம் துடைக்க வெறும் தண்ணீர்தான். ஃபினாயில், ஆசிட் கலந்த குளியலறை திரவம் எதுவும் வேண்டாம்.

சிவப்பு ஆக்சைடுக்கு முதல் பத்து நாள் தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். காய்ந்ததும் மெழுகு. பலகைக்கு மெழுகு பாலிஷா, பி.யூ. (பாலியூரித்தேன்) கோட்டிங்கா என்று கேட்பார்கள். மெழுகு அடிக்கடி போட வேண்டும், ஆனால் கீறினால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். பி.யூ. கீறினால் அறை முழுக்கத் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும். தேய்க்கும் மெஷினைக் கோயம்புத்தூரிலிருந்து வாடகைக்கு எடுத்து வர வேண்டியிருக்கும். நாள் வாடகை என்பதால் எல்லா அறைப் பலகையையும் ஒரே தடவையில் முடித்துவிடுங்கள்.

மிச்சமான டைல்களை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த முறை ஆர்டர் கொடுத்தால் அதே சிவப்பு வராது. ஒரு டஜனையாவது, எந்த அறை, எந்தப் பட்டறை, எந்த வருஷம் என்று சாக்பீஸால் பின்பக்கம் எழுதி, உலர்ந்த இடத்தில் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள்.